மேளத்துக்கு நாலு தூண் தள்ளி

சேதராப்பட்டில் ஒலிக்கு இரண்டு அளவு. ஒலி மாசைக் கட்டுப்படுத்த 2000ஆம் ஆண்டில் வந்த விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 70 என்று வரம்பு வைத்திருக்கின்றன. குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45. புதுச்சேரியிலிருந்து மயிலம் போகிற சாலையில் இந்த ஊரைக் கடக்கிறவர் கண்ணில் முதலில் படுவது தொழிற்பேட்டைதான். அதை ஒட்டியே வீடுகளும் கோயிலும் பள்ளிக்கூடமும். எல்லை வளைந்து வளைந்து போகிற நாடு இது. சற்றுத் தள்ளினால் தமிழகத்தின் வானூர் வட்டம் வந்துவிடும். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு நடக்கிறவர் கொஞ்ச தூரத்திலேயே 75இலிருந்து 55க்கு இறங்குகிறார், காகிதத்திலாவது.

ஆடி பிறந்துவிட்டால் இந்த எண்களெல்லாம் யாருக்கும் நினைவிருக்காது. இந்த வட்டாரத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கிற நாளில் பம்பை இறங்கிவிடும். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் தொங்கவிடுகிற வாத்தியம் அது. கூடவே உடுக்கை, கைச்சிலம்பு. முதலில் வர்ணிப்பு நடக்கும். அம்மனின் பிறப்பு, வளர்ப்பு, அவள் வந்த வழி எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழைப்பார்கள். ஒரு கட்டத்தில் சொல் நின்றுபோகும். அடி மட்டும் நெருங்கி நெருங்கி வரும். கூட்டத்தில் யாரோ ஒரு பெண்ணின் தோள் குலுங்கும். "வந்துட்டா, வந்துட்டா" என்று நாலு பேர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிப்பார்கள்.

அருள் பெரும்பாலும் சொல் ஓய்ந்த பிறகுதான் வருகிறது. இதை நான் அடிக்கடி யோசித்ததுண்டு. பொருள் விளங்குகிற வரைக்கும் புத்தி விழித்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறது. பொருள் இல்லாத வெறும் ஒலி வந்து நெஞ்சுக்கூட்டில் மோதும்போது அதற்கு வேலை இல்லாமல் போகிறது. தாழ்ந்த சுதியில் அடிக்கிற பெரிய தோல்கருவியைக் காதால் மட்டும் கேட்பதில்லை. வயிற்றிலும் விலா எலும்பிலும் உள்ளங்காலிலும் கேட்கிறோம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாளக் கலைஞர் எவ்லின் கிளென்னி, பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். மேடையில் செருப்பில்லாமல் நின்று, தரை வழியாக ஏறிவரும் அதிர்வைக் கேட்டு வாசிக்கிறார். நம் பம்பைக்காரர் செருப்பைக் கழற்றிவைப்பது அம்மன் சந்நிதி என்பதால். இரண்டு பேர் பாதமும் தொடுவது ஒரே அதிர்வைத்தான்.

அதே கூட்டத்தில் ஒரு குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும். முகம் சுருங்கி, கண்ணில் நீர் முட்டி நிற்கும். தாய் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் கும்பிடவைக்கப் பார்ப்பாள். பக்கத்தில் நிற்கிற பெரியவர், "சாமி மேளத்துக்குக் காதைப் பொத்தலாமா கண்ணு?" என்பார். அன்பாகத்தான் கேட்பார். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. மேளம் பிடித்தவர் பக்தர், பிடிக்காதவர் பக்தி குறைந்தவர் என்ற தீர்ப்பு. சரியான தீர்ப்புதானா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கனமான வாத்தியம் நம் வழிபாட்டில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது இல்லை. தமிழ்நாட்டுச் சிவன் கோயில் விழாக்களில் இப்போது அடியார் கூட்டங்கள் கயிலாய வாத்தியம் வாசிக்கின்றன. பேரிகை, உடல், கொம்பு, எக்காளம், திருச்சின்னம், கொக்கரை, சங்கு, தாளம் எல்லாம் ஒரே வீச்சில் எழும். இளைஞர்களும் பெண்களும் சம்பளம் வாங்காமல், தோளில் முரசைச் சுமந்து வெயிலில் நடந்து வாசிக்கிறார்கள். பாட்டு கிடையாது, ராகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கொம்பு ஒரு வளைந்த பெருங்குரலைக் கொடுக்க, முரசு அதன் அடியில் தரையைப் போடும். கேட்கிறவருக்கு ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நினைப்பதற்கு இடமே இருக்காது. நினைப்பு ஓய வேண்டும் என்றுதானே தியானத்தில் உட்காருகிறோம்? ஒருவர் மூச்சைக் கவனித்து அங்கே போகிறார். இன்னொருவர் முரசின் நடுவே நின்று போகிறார்.

மல்லாரியும் அந்த வழிதான். சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரம் கம்பீர நாட்டையில் எடுக்கிற அந்த உருப்படிக்குச் சாகித்தியம் கிடையாது, வாத்தியத்துக்கென்றே பிறந்தது. தவில் முதலில் தனியாக வழி போடும், பிறகு நாயனம் சேரும். வலந்தலையில் விரல்களுக்குக் கூடு மாட்டி அடிக்கிற அடி, தொப்பியில் கழி விழுகிற அடி, இரண்டுக்கும் நடுவில் பல்லக்கு அசையும். பல்லக்குத் தூக்குகிறவர்களின் கால் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. நாலு வீதியும் திறந்து கிடக்க, மேலே வானம் இருக்க, நடந்துகொண்டே வாசிப்பதற்காக ஏற்பட்ட இசை அது.

இந்தத் திறந்த வெளியை மனத்தில் வைத்துக்கொண்டு காதுக்குள் கொஞ்சம் போய்வரலாம்.

நடுக்காதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். அங்கவடிதான் உடம்பிலேயே சிறியது, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அதோடு ஒட்டிய ஒரு துளித் தசை, பெரிய ஓசை வந்தால் இறுகிக்கொண்டு உள்ளே போவதைக் குறைக்கும். இறைவன் வைத்த கதவு என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் கதவு சாத்துவதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தேவைப்படுகிறது. அதிர்வேட்டு அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அமைதியாக இருந்த மண்டபத்தில் திடீரென்று விழுகிற முதல் அடியும் தருவதில்லை. உட்செவியில் ஒலியை நரம்புக்கு எடுத்துக் கொடுக்கிற மயிர்ச்செல்கள் மனிதனுக்கு அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்று வைத்திருக்கும் பொதுவான காப்பு அளவு, 100 டெசிபலில் வெறும் 15 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்ற கணக்கு அது.

இது எல்லாக் காதுக்கும் பொது. சிலருக்கு இதற்கும் அப்பால் ஒன்று இருக்கிறது. காற்றில் வருகிற ஒலி எல்லாருக்கும் வருகிற அதே அளவுதான். நரம்பும் மூளையும் அதைப் பெருக்கிக்கொள்கின்றன. தட்டு விழுகிற ஓசை அவர்களுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருக்கும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலி வருகிற நாளில் இப்படி ஆகும். தலையில் அடிபட்டுத் தேறியவர்கள், காது இரைச்சலோடு வாழ்கிறவர்கள் சிலருக்கும் ஆகும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இது பிறவியோடு வருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட நோய்க்குறி நூல், புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ உணர்வதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஊரில் இதற்கெல்லாம் பெயர் கிடையாது. "அவன் சத்தத்துக்கு ஆகமாட்டான்" என்பார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வரி எனக்குப் பிடிக்கும். குறை சொல்லாமல், வைத்தியம் பேசாமல், இருப்பதை இருப்பதாகச் சொல்கிறது.

சத்தத்துக்கு ஆகாதவர் எல்லாச் சத்தத்துக்கும் ஆகாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. குக்கர் விசிலுக்கு அலறுகிற பிள்ளை, பம்பைக்குப் பக்கத்தில் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுண்டு. விசில் எப்போது வரும் என்று தெரியாது. பம்பையின் அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியும். ஆள் பேச்சு நாலு பக்கமிருந்தும் வந்து பிய்த்துப் போடும். மேளம் எல்லாவற்றையும் மூடி ஒரே கூரையாக நிற்கும். மேற்கத்திய நாடுகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பாட்டு இல்லாமல் கிதாரின் அடித்தந்தியை மட்டும் நீளமாக முழங்கவைக்கிற கனத்த இசை அங்கே ஒரு தனி வகை. 1998இல் சியாட்டிலில் தொடங்கிய சன் என்ற குழு துறவியர் அங்கி அணிந்து, புகை சூழ நின்று, உடம்பை அழுத்துகிற அளவுக்கு அதை வாசிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் அமைதியைக் காண்கிறவர்கள் உண்டு. மை பிளடி வேலன்டைன் என்ற மற்றொரு குழு 2008இல் சுற்றுப்பயணம் போனபோது வாசலிலேயே காதடைப்பான் கொடுத்து அனுப்பியது. வாசித்தவர்கள் தங்கள் ஒலியைக் குறைத்துக்கொள்ளவில்லை, கேட்க வந்தவர்களின் காதையும் மறக்கவில்லை. அங்கே இறைவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் அந்த வாசலில் நடந்ததில் எனக்கு ஒரு சந்நிதி மரியாதை தெரிகிறது.

நம் பழைய கோயில்களில் காதடைப்பான் கிடையாது. தூரம் இருந்தது. கோயிலைக் கட்டியவர்கள் இதை எண்ணித்தான் கட்டினார்களா என்று சொல்ல முடியாது. விளைவு நம் கண்முன் இருக்கிறது. பெரிய மேளம் வாசிப்பது கருவறைக்குள் இல்லை, வெளி மண்டபத்திலும் வீதியிலும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் போலக் குறையும். பிராகாரம் ஒன்று தாண்டினால் தவில் வேறு வாத்தியமாகிவிடும், அடியின் கூர் போய் உருண்டை மட்டும் மிஞ்சும். சுவாமி வீதியுலா வரும்போது ஒலி முதலில் தூரத்தில் கேட்கும், மெல்ல நெருங்கும், வாசலில் ஒரு கணம் உச்சத்தில் நிற்கும், பிறகு அடுத்த தெருவுக்குப் போய்விடும். வீட்டுக்குள் படுத்திருக்கிற நோயாளி தனக்குத் தேவையான நேரம் எடுத்துக்கொண்டு மனத்தைத் தயார் செய்துகொள்ளலாம். கேரளத்துப் பஞ்சாரி மேளத்தில் இதே அறிவு காலக்கணக்காக இருக்கிறது. 96 அட்சரத்தில் ஆரம்பித்து 48, 24, 12, 6 என்று படிப்படியாக இறுகும். நூறு செண்டை முழங்குகிற உச்சத்துக்குக் காதைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறார்கள்.

நேரமும் ஒரு தூரம்தான். காலையில் பூபாளம், இரவில் நீலாம்பரி என்று நாயனக்காரர் வைத்துக்கொண்ட முறை ராக இலக்கணத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதில்லை. விழிக்கிற உடம்புக்கும் உறங்கப்போகிற உடம்புக்கும் கட்டுப்பட்டது. திருவரங்கத்தில் பெருமாள் பள்ளிகொள்ளப் போகும் வேளையில் வீணை வாசிக்கிறார்கள். பகலெல்லாம் வாத்தியம் முழங்கிய கோயிலில், நாளின் கடைசி ஒலி தந்தியிலிருந்து வருகிறது. பெருமாளுக்கே சத்தத்துக்கு ஆகாத வேளை ஒன்று உண்டு என்று நம் முன்னோர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தூரத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதை வருகிறது. கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர். அந்தத் தோலில் எழுந்த முழக்கத்தை வெளியே நின்றுதான் கேட்க முடிந்தது. அவர் நின்ற தூரம் அவர் தேர்ந்தெடுத்தது அன்று, சாதி கோடு போட்டு நிறுத்தியது. பறை அடித்தவரையும் தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றியவரையும் இந்தச் சமூகம் அப்படித்தான் நெடுங்காலம் நிறுத்தியது. அந்தத் தூரத்தை நான் புகழமாட்டேன். காதுக்காக ஒருவர் தானே நாலு தூண் தள்ளி நிற்பது வேறு. அவர் எந்த நேரமும் உள்ளே வரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். திருப்புன்கூரில் நந்தி விலகியது நாளைப்போவாருக்காக. நின்ற இடத்திலிருந்தே அவர் கண்ணாரக் காணட்டும் என்று இறைவனே மறைத்த கல்லை ஒதுக்கச் சொன்னான் என்பது கதை. நிற்கிறவரை இழுத்து வராமல், நடுவில் இருப்பதை ஒதுக்கியது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்போது நடுவில் வந்து நிற்பது மின்சார மேளம்.

பார்த்திருப்பீர்கள். சிறிய கோயில்களில் சந்நிதிக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டத்தில் ஒரு முரசு, ஒரு மணி, ஒரு ஜோடி தாளம். மோட்டார் சுற்றினால் குச்சி விழும். பூசை நேரத்தில் சுவிட்சைப் போட்டதும் எல்லாம் ஒருசேர அடிக்கும். இதை வாங்கிவைத்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மேளக்காரர் ஒருவரை நியமித்து மாதச் சம்பளம் கொடுக்கப் பல ஊர்களில் வழி இல்லை. ஒரு கையில் தீபம், மறு கையில் மணி என்று தனியாக நிற்கிற பூசாரிக்குத் துணை அது ஒன்றுதான். ஆனால் அது இருக்கிற இடத்தைப் பாருங்கள். ஓடு பதித்த சுவர், சிமெண்டுக் கூரை, பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடுகிற மண்டபம். கல்லும் ஓடும் ஒலியை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அனுப்பும். நாலு வீதிக்கென்று பிறந்த முழக்கம் ஓர் அறைக்குள் அடைபட்டுச் சுற்றுகிறது. வேகம் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. மூச்சு வாங்க நிற்பதுமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, அதற்குக் கண் இல்லை. தவில்காரருக்குக் கண் உண்டு. நல்ல தவில்காரர் கைக்குழந்தையோடு ஒரு பெண் வருவதைப் பார்த்தால் உடம்பைச் சற்றுத் திருப்பி வாசிப்பார். கழியின் வேகத்தைக் கொஞ்சம் தணிப்பார். யாரும் சொல்லித்தர வேண்டாம். வீட்டில் அவருக்கும் பேரன் பேத்தி இருக்கிறார்கள். அவர் காதும் அதே முழக்கத்தில்தான் தேய்ந்து வந்திருக்கிறது. வாசிக்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் ஓடுகிற அந்தப் பார்வை போய்விட்டால் மிஞ்சுவது அடி மட்டும்தான். தொழிற்சாலை எந்திரத்துக்கும் சந்நிதி எந்திரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போகிற அபாயம் சேதராப்பட்டுக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பட்டறையில் வேலை செய்பவருக்கு 90 டெசிபலில் எட்டு மணி நேரம் என்று தொழிற்சாலை விதிகளின் வழியாக ஓர் உச்சவரம்பாவது இருக்கிறது. வேலை முடிந்து கோயிலுக்கு வந்து கண்ணை மூடுகிறவருக்கு அதுவும் இல்லை.

நடராசரின் திருமேனியை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் இதற்கு விடை அங்கேயே இருக்கிறது. வலப்புறத்தில் இரண்டு கைகள். பின்னால் உயர்ந்த கையில் உடுக்கை. முன்னால் இருக்கும் கை அஞ்சாதே என்று உள்ளங்கை காட்டுகிறது. உடுக்கை ஒலியில்தான் உலகம் தோன்றியது என்பார்கள். தோன்றிய உயிர் முதலில் கேட்டது அத்தனை பெரிய ஓசையை என்றால், அது அஞ்சித்தான் இருக்கும். அதனால்தானோ என்னவோ சிற்பி அபயக் கையை இடப்பக்கம் கொண்டுபோகாமல், உடுக்கைக் கை இருக்கும் பக்கத்திலேயே, அதற்கு முன்னால் வைத்தான். முழக்குகிறவனே ஆற்றவும் செய்கிறான். சோழர் காலத்து வெண்கலத் திருமேனிகளைப் பார்க்கிறபோதெல்லாம் என் கண் இப்போது இந்த இரண்டு கைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்குத்தான் போகிறது.

திருமூலர் சொல்கிற பத்து நாதங்களிலும் இப்படி ஒரு சேர்க்கை உண்டு. யோகி உள்ளே கேட்கிற ஒலிகளில் கடலும் யானையும் மேகமும் பேரிகையும் இருக்கின்றன. வண்டும் தும்பியும் குழலும் யாழும் அதே வரிசையில் இருக்கின்றன. பேரிகையைக் கேட்டவன் உயர்ந்தவன், தும்பியைக் கேட்டவன் தாழ்ந்தவன் என்று அவர் தரம் பிரிக்கவில்லை. ஆனாய நாயனார் கொன்றை மரத்தடியில் நின்று குழலில் ஐந்தெழுத்தை வாசித்தார். பசு மேய்ச்சலை விட்டது, கன்று பால் குடிப்பதை விட்டது, பாம்பும் மயிலும் பகை மறந்து கலந்தன என்று சேக்கிழார் சொல்கிறார். ஒரு தோல்கருவிகூட இல்லாத வழிபாடு. சிவன் நேரில் வந்து அழைத்துப்போனான்.

இதைச் சொல்கிறபோது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நுண்ணிய காது உள்ளவர்களை யோகி என்று தூக்கிவைப்பது சுலபம். "உன் பிள்ளைக்குத் தெய்வ அம்சம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். தெய்வ அம்சம் உள்ள பிள்ளைக்குத் தலை வலிக்காது என்று நினைத்துக்கொண்டு ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டலாம். வலியைச் சித்தியாக்கிப் பேசுவது, அடுத்தவர் வலியைப் பார்க்காமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த நாகரிகமான வழி. அந்தப் பிள்ளைக்குத் தேவை பட்டம் இல்லை. கொஞ்சம் தள்ளி, தூணுக்குப் பின்னால், நிழலாக ஓர் இடம்.

சேதராப்பட்டுக்கு அருகிலேயே இரும்பை இருக்கிறது, மாகாளேசுவரர் கோயில் உள்ள ஊர். அங்கே கடுவெளிச் சித்தர் கதை சொல்வார்கள். தவத்தில் அசையாமல் இருந்த சித்தரை வள்ளி என்ற ஆடல்மகள் எழுப்பி அரசவைக்கு அழைத்து வந்தாள். கோயிலில் அவள் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் கெடக் கூடாதே என்று சித்தர் எடுத்து மாட்டிவிட்டார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தாங்காமல் அவர் இறைவனை நோக்கிப் பாட, லிங்கம் வெடித்தது. பிளந்த லிங்கத்துக்குச் செம்புத் தகடு கட்டி இன்றும் பூசை நடக்கிறது. ஆட்டத்துக்கு முழவு அடித்திருப்பார்கள், அது அவரை ஒன்றும் செய்யவில்லை. சுற்றி நின்றவர்களின் ஏளனம்தான் செய்தது. சத்தத்துக்கு ஆகாத பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கேட்டுப்பாருங்கள். தவிலைவிடப் பக்கத்து வரிசையிலிருந்து வருகிற "உச்சு"தான் அவர்களைக் கோயிலுக்கு வராமல் ஆக்கியிருக்கும்.

பிறகு அவர்கள் எங்கே போகிறார்கள்? சிலர் அமைதியைத் தேடி வேறு வாசல்களுக்கு. புதுச்சேரி ஆசிரமத்தில் அரவிந்தர் சமாதியைச் சுற்றிப் பேச்சே கிடையாது. ஆரோவில் மாத்ரிமந்திரின் வெண்பளிங்கு அறையில் மந்திரமும் இல்லை, வாத்தியமும் இல்லை. அவை நல்ல இடங்கள். ஆனால் குலதெய்வத்தின் முன் நிற்க ஆசைப்படுகிற பாட்டியை, ஒலி பொறுக்காது என்பதற்காக அங்கே அனுப்புவது நியாயமில்லை. அவளுக்கு வேண்டியது அவளுடைய அம்மன்.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஒலிபெருக்கியும் டிரம்சும் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு சொன்னது. அடுத்தவர் அமைதியைக் குலைத்துப் பறை கொட்டியும் ஒலி பெருக்கியும் வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்பது அதன் கருத்து. எல்லா மதத்துக்கும் அது பொருந்தும். 2005 ஜூலையில் வந்த மற்றொரு தீர்ப்பு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மேளம், எக்காளம், ஒலிபெருக்கி எதுவும் கூடாது என்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வைத்த கோயில்களை இப்போது பார்க்க முடிகிறது, மகிழ்ச்சி. காதுக்கும் ஒரு சாய்தளம் வேண்டும் என்பது இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. போலீசில் புகார் கொடுத்து வாங்குகிற அமைதியில் கசப்பு ஒட்டியிருக்கும். பேசி வாங்கினால் ஒட்டாது.

பேசுவதற்கு நிறைய இல்லை. கோயில் நிர்வாகிகள் எந்தப் பூசைக்கு மேளம், எத்தனை மணிக்கு என்று வாசல் பலகையில் எழுதிப் போடலாம். வாரத்தில் ஒரு பூசையாவது மின்சார மேளத்தை நிறுத்திவைத்து, கைமணியோடு தீபம் காட்டலாம். அன்று வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் ஊரில் இத்தனை பேர் இதற்காகக் காத்திருந்தார்களா என்று வியப்பாக இருக்கும். அந்த எந்திரத்தை ஒரு மூலைக்கு, கதவுக்கு வெளியே நகர்த்திவைக்கத் தச்சர்கூடத் தேவையில்லை. கயிலாய வாத்தியக் குழுவினர் மண்டபத்துக்குள் நுழையாமல் வீதியிலேயே முழங்கட்டும், அவர்கள் வாத்தியத்துக்கும் அதுதான் அழகு. முதல் அடிக்கு முன்னால் ஒரு சங்கு ஊதி அறிவித்துவிட்டால் நகர வேண்டியவர்கள் நகர்ந்துகொள்வார்கள்.

பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. காதுக்கு ஒரு பஞ்சோ, காதை மூடுகிற கவசமோ மாட்டிக் கூட்டி வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தூணோரம் நின்று பார்த்துவிட்டு, பிள்ளை போதும் என்று சொன்ன நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

மேளம் பிடித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அடுத்த தீபாராதனையில் உங்கள் பக்கத்தில் யாராவது காதைப் பொத்தினால் அந்தக் கையை இழுத்துவிடாதீர்கள். திரும்பி முறைக்கவும் வேண்டாம். கொஞ்சம் ஒதுங்கி, அவர்கள் நின்ற இடத்திலிருந்தே சாமி தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.